மே 31-க்கும் ஜூன் 1-க்கும் நடுவே

தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளில் இடைநிலை ஆசிரியர் என்பது ஒரே பதவி. ஒரே படிப்பு, ஒரே பாடநூல், ஒரே பணி விதி. ஆனால் 2009 மே 31-க்குள் பணியில் சேர்ந்துவிட்டவருக்கு ஆறாவது ஊதியக் குழுவின்படி அடிப்படைச் சம்பளம் 11,170 ரூபாய். ஜூன் 1-ம் தேதியோ அதற்குப் பின்போ சேர்ந்தவருக்கு 8,000 ரூபாய். ஒரு தேதி மாறியதில் 3,170 ரூபாய் போயிற்று. கிட்டத்தட்ட 20,000 ஆசிரியர்கள் இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறார்கள். இந்த வித்தியாசத்தை நீக்கக் கேட்டு அவர்கள் 2018 டிசம்பரிலும், 2022 டிசம்பரிலும், 2023 செப்டம்பரிலும் சென்னைக் கல்வி வளாகத்தில் பட்டினி கிடந்தார்கள். மூத்தவருக்கும் இளையவருக்கும் சம்பளத்தில் வித்தியாசம் இருப்பது இயல்புதானே என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியைத் தள்ளிவிடாமல் எடுத்து நிறுத்துப் பார்க்க வேண்டும்.

நிறுத்துப் பார்க்க ஏற்ற இடம் தலைமைச் செயலகம் இல்லை, மலையடிவாரம். போடிநாயக்கனூரிலிருந்து குரங்கணிக்கும் கொட்டகுடிக்கும் ஏறிப் போகிற வழியில் இருக்கும் ஊர்களில் பள்ளி என்றால் பெரும்பாலும் சிறிய தொடக்கப் பள்ளி. கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். அப்படி ஒரு ஈராசிரியர் பள்ளியை நினைத்துக்கொள்வோம். ஒருவர் ஒன்று முதல் மூன்று வரை, மற்றவர் நான்கும் ஐந்தும். ஒருவர் போடி வட்டார வளமையத்துக்குப் பயிற்சிக்குப் போய்விட்டால் அன்று ஐந்து வகுப்பும் மற்றவர் தலையில். ஏலக்காய்ப் பறிப்புக்காலத்தில் தாயோடு தோட்டத்துக்குப் போய்விடும் பிள்ளையைத் தேடி வீட்டுக்குப் போவதும் இருவரின் வேலைதான். முப்பது ஆசிரியர் இருக்கும் நகரத்துப் பள்ளியில் யார் எவ்வளவு வாங்குகிறார் என்பது கூட்டத்தில் மறைந்துவிடும். இருவர் மட்டும் இருக்கிற இடத்தில் மறைய வழியில்லை. வேலையைப் பிரித்துக் காட்ட முடியாத இடத்தில் சம்பளத்தை மட்டும் பிரித்து வைத்திருக்கிறோம்.

முதலில், எதைக் குறை சொல்லவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். இருபது ஆண்டு அனுபவம் உள்ளவர் நேற்று வந்தவரைவிட அதிகம் வாங்க வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதற்கு நேர்மாறான ஏற்பாட்டையும் போடிக்காரர்கள் தினமும் பார்க்கிறார்கள். விடியற்காலையில் போடியிலிருந்து ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து போடிமெட்டு வழியாகப் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத் தோட்டங்களுக்குத் தினக்கூலியாகப் போகிற பெண்களுக்குள், இருபது வருடமாகச் செடியோடு பழகிய கைக்கும் போன வாரம் வந்த கைக்கும் பெரும்பாலும் ஒரே நாள் கூலிதான். எந்தக் காய் பருவம், எதை அடுத்த சுற்றுக்கு விட வேண்டும் என்று தொட்ட உடனே தெரிகிற கைக்கு அங்கே தனி விலை இல்லை. அதைச் சமத்துவம் என்று நான் கொண்டாட மாட்டேன். அனுபவத்துக்கு மதிப்புப் போடாத கூலி முறை அது.

அரசுப் பணியில் அந்த மதிப்பைப் போடுவதற்கு ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது. ஆண்டுதோறும் 3 சதவீத இன்கிரிமென்ட், பத்து ஆண்டு முடிந்தால் தேர்வு நிலை, இருபது ஆண்டில் சிறப்பு நிலை, அப்புறம் பதவி உயர்வு. அனுபவத்துக்கான கணக்கு இவற்றிலேயே முடிந்துவிடுகிறது. 3,170 ரூபாய் இந்தக் கணக்குக்குள் எங்கும் வரவில்லை. மே கடைசியில் சேர்ந்தவருக்கும் ஜூன் முதலில் சேர்ந்தவருக்கும் அனுபவத்தில் உள்ள தூரம் சில நாட்கள். 3 சதவீதக் கணக்கில் 8,000 ரூபாய் 11,170-ஐத் தொடப் பன்னிரண்டு இன்கிரிமென்ட் போல வேண்டும். சில நாள் முன்னால் வந்தவருக்குப் பன்னிரண்டு ஆண்டு அனுபவம் எழுதிக் கொடுத்ததற்குச் சமம் இது. ஆகவே மூப்பு என்ற காரணம் முதல் படியிலேயே விழுந்துவிடுகிறது.

பிறகு இந்தத் தொகை எங்கிருந்து வந்தது? இது யாரும் திட்டமிட்டு வெட்டிய வெட்டு இல்லை. ஒரு அட்டவணையை எடுத்தவர்கள் பக்கத்து அட்டவணையை விட்டுவிட்டதால் விழுந்த பள்ளம். இந்த இடம்தான் விவகாரத்தின் உயிர் என்பதால் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம்.

ஐந்தாவது ஊதியக் குழுக் காலத்தில் இடைநிலை ஆசிரியரின் ஊதிய விகிதம் 4,500–7,000. ஆறாவது குழு இப்படித் தனித்தனியாக இருந்த விகிதங்களைச் சில பெரிய ஊதியக் கட்டுகளுக்குள் அடக்கியது. 5,200–20,200 ஒரு கட்டு. 9,300–34,800 அடுத்த கட்டு. பழைய அடிப்படையை 1.86-ஆல் பெருக்கிப் புதிய கட்டில் வைத்து, அதன்மேல் தர ஊதியம் சேர்க்க வேண்டும். 4,500-ஐ 1.86-ஆல் பெருக்கினால் 8,370. தர ஊதியம் 2,800 சேர்ந்தால் 11,170. பணியில் இருந்தவருக்குக் கிடைத்தது இதுதான். தமிழக அரசின் நிதித்துறை அரசாணை எண் 234 வெளிவந்த நாள் 2009 ஜூன் 1. அன்று முதல் புதிதாக வருகிறவருக்குப் பழைய அடிப்படை என்று ஒன்று கிடையாது. பெருக்குவதற்கு எதுவுமில்லை. அதனால் கட்டின் அடித்தட்டான 5,200-ல் வைத்து 2,800 சேர்த்தார்கள். 8,000 ஆயிற்று.

5,200 என்ற அடித்தட்டு இடைநிலை ஆசிரியரை நினைத்து வைக்கப்பட்டதே இல்லை. 2,750-ல் தொடங்கும் கீழ்நிலைப் பணிகளின் சம்பளத்தை 1.86-ஆல் பெருக்கி, மேலே முழுமையாக்கினால் வருகிற எண் அது. அதே மாதிரி 5,000-ஐப் பெருக்கினால் சரியாக 9,300. அடுத்த கட்டின் வாசல் அங்கே தொடங்குகிறது. 4,500-ல் இருந்த ஆசிரியர் முதல் கட்டின் உச்சியில், அடுத்த கட்டின் வாசலுக்கு ஒரு படி கீழே நின்றவர். கட்டின் உச்சியில் இருந்த பதவிக்கு ஆள் எடுக்கும்போது அந்தக் கட்டின் அடித்தட்டுச் சம்பளத்தைக் கொடுத்தார்கள். கட்டுக்குள் எவ்வளவு உயரத்தில் இருந்தாரோ அவ்வளவு ஆழத்தில் விழுந்தார்.

மத்திய அரசும் இதே கட்டுகளைத்தான் வைத்திருந்தது. அங்கே ஏன் பள்ளம் விழவில்லை? 2008-ல் வந்த மத்திய அரசின் திருத்திய ஊதிய விதிகளில், நேரடியாகப் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு என்று ஒரு தனி அட்டவணை இருந்தது. தர ஊதியம் 1,800 என்றால் கட்டில் 5,200-ல் தொடங்கு; 2,400 என்றால் 7,510; 2,800 என்றால் 8,560. அதாவது 2,800 தர ஊதியப் பதவிக்குப் புதிதாக வந்தவரின் தொடக்கம் 11,360. புதியவர் பழையவருக்குக் கீழே விழுந்துவிடாமல் ஒரு தரை போட்டு வைத்தார்கள். தமிழ்நாடு மத்திய அரசின் கட்டை எடுத்தது, தர ஊதியத்தை எடுத்தது, பெருக்கு எண்ணையும் எடுத்தது. இடைநிலை ஆசிரியருக்கு அந்தத் தரையை மட்டும் போடவில்லை.

இதற்கு மறுக்க முடியாத சான்று ஏழாவது ஊதியக் குழுவில் இருக்கிறது. மத்திய அரசில் 2,800 தர ஊதியப் பதவி நிலை 5 ஆகி, 29,200 ரூபாயில் தொடங்குகிறது. தமிழ்நாட்டில், 2017 அக்டோபர் 11-ல் வந்த அரசாணை 303-ன்படி, அதே 2,800 தர ஊதியப் பதவி நிலை 10 ஆகி, 20,600 ரூபாயில் தொடங்குகிறது. இரண்டு இடத்திலும் பெருக்கு எண் 2.57 தான். அங்கே 11,360-ஐப் பெருக்கினார்கள், இங்கே 8,000-ஐப் பெருக்கினார்கள். 2009-ல் விட்டுப்போன அட்டவணை 2017-ல் நிரந்தர ஊதிய விகிதமாகவே அச்சேறிவிட்டது.

பெருக்கல் என்பதால் இடைவெளியும் பெருகிக்கொண்டே போகிறது. 2009 மே கடைசியில் ஒருவர், ஜூனில் ஒருவர் சேர்ந்ததாக வைத்துக்கொள்வோம். 2010 முதல் 2015 வரை ஆளுக்கு ஆறு இன்கிரிமென்ட். முதலாமவர் 13,360-க்கு வருவார், இரண்டாமவர் 9,580-க்கு. 3,170 இப்போது 3,780 ஆகிவிட்டது. 2.57-ஆல் பெருக்கினால் 9,700. அதற்கு மேல் ஆண்டுதோறும் 3 சதவீதம் ஏறினால் 2025 வாக்கில் அடிப்படையில் மட்டும் 12,500-ஐத் தாண்டுகிறது. அகவிலைப்படி அடிப்படையில் பாதிக்கும் மேல் என்ற நிலையில் மாத இழப்பு 19,000 ரூபாய்க்கு மேல். வீட்டுக் கடனுக்கு வங்கி பார்க்கும் சம்பளமும் இந்த அடிப்படையை ஒட்டித்தான். பங்களிப்பு ஓய்வூதியத்தில் சேரும் தொகையும் இதில்தான் கணக்காகிறது. இடையில் 2011-ல் இடைநிலை ஆசிரியர்களுக்கு 750 ரூபாய் தனி ஊதியம் வந்தது உண்மை. அது பதவிக்காக வந்த தொகை என்பதால் இந்த இடைவெளியைத் தொடவில்லை.

போடியில் இருந்து பார்த்தால் இன்னொரு கணக்கும் கண்ணில் படும். போடிமெட்டுக்கு மேலே கேரளம். அங்கே தொடக்கப் பள்ளி ஆசிரியரின் ஊதிய விகிதம் 2014 ஜூலைத் திருத்தத்தில் 25,200-ல் தொடங்கியது. தமிழ்நாட்டின் 20,600 அதற்கு ஒன்றரை ஆண்டு பிந்திய 2016 ஜனவரி அடிப்படையிலான தொகை. இரு மாநிலங்களின் திருத்தக் காலமும் படிகளும் வேறு வேறு என்பதால் இந்த ஒப்பீட்டை அதிகம் இழுக்கக் கூடாது. ஆனாலும் ஒன்றைக் கவனிக்கலாம்: 11,170-ஐ 2.57-ஆல் பெருக்கினால் 28,700 வருகிறது. கொடுத்திருக்க வேண்டியதைக் கொடுத்திருந்தால் தமிழ்நாட்டு ஆசிரியர் மலைக்கு மேலே உள்ளவரைவிடக் குறைந்திருக்க மாட்டார்.

அரசுப் பணியில் மூத்தோர்–இளையோர் ஊதிய முரண்பாடு என்ற சொல் கணக்கு அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த சொல். ஆனால் அதற்குப் பொருள் வேறு. பதவி உயர்வாலோ ஊதிய நிர்ணயத்தாலோ, ஒரே பதவியில் இளையவர் அதிகம் வாங்கி மூத்தவர் குறைவாக வாங்க நேர்ந்தால், மூத்தவரின் சம்பளத்தை இளையவர் அளவுக்கு உயர்த்திக் கொடுக்க அடிப்படை விதிகளில் இடம் உண்டு. இருவரும் ஒரே பணித்தொகுதி, ஒரே பதவி, முரண்பாடு நேரடியாக விதியால் விளைந்தது என்று காட்டினால் போதும். இந்த விதி நல்ல விதி. கீழே உள்ளவரைவிடக் குறைந்த சம்பளம் வாங்கும் மூத்தவரின் மனவருத்தத்தை அரசு புரிந்துகொண்டிருக்கிறது. அதே பதவியில் நாள்கணக்கில் பின்னால் வந்த இளையவர் வாங்கும் சம்பளம் அந்தப் பதவியின் மதிப்புக்கே கீழே போய்விட்டால், அவர் தட்டுவதற்கு விதிப் புத்தகத்தில் ஒரு கதவு இல்லை. அதனால்தான் கருவூல மேசையில் இரண்டு பக்க மனுவில் தீர்ந்திருக்க வேண்டியது சாலைக்கு வந்தது.

இனி அரசின் பக்கத்து வாதங்கள். 'சம்பளம் தெரிந்துதானே சேர்ந்தார்கள்' என்பதை நான் ஏற்கவில்லை. தற்காலிக ஊழியர்களின் வழக்கில் என்றாலும், 2016-ல் பஞ்சாப் அரசு–ஜக்ஜித் சிங் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறது: அதே வேலைக்குக் குறைந்த கூலிக்கு ஒப்புக்கொள்கிறவர் மனம் விரும்பி ஒப்புக்கொள்வதில்லை, குடும்பத்துக்குச் சோறு போட ஒப்புக்கொள்கிறார். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்துவிட்டு மூப்புக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள், கைக்கு வந்த நியமன ஆணையை 5,200-ஐப் பார்த்துத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும் என்று யார் சொல்ல முடியும்?

கட்-ஆஃப் தேதி வாதம் கனமானது. எந்தச் சலுகைக்கும் ஏதாவது ஒரு நாளில் கோடு கிழித்தாக வேண்டும். நிதி நிலையைப் பார்த்துக் கோடு கிழிக்க அரசுக்கு உரிமை உண்டு என்று 2005-ல் அமர்நாத் கோயல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஊதிய விகிதம் வகுப்பது நிபுணர்களின் வேலை என்று நீதிமன்றங்கள் ஒதுங்கிக்கொள்வதும் வழக்கம். அதனால் சட்டத்தின் கதவு இவர்களுக்கு எளிதில் திறக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் புதிய சலுகையை இந்த நாளிலிருந்து தருகிறேன் என்று கோடு கிழிப்பது ஒன்று. ஒரு பதவியின் விலையையே இந்த நாளிலிருந்து கால் பங்குக்கும் மேல் குறைக்கிறேன் என்பது வேறொன்று. இரண்டாவதை அரசு எங்கும் அறிவிக்கவில்லை, அதற்கு எந்தக் காரணமும் எழுதவில்லை. பணியும் தகுதியும் குறையாதபோது பதவியின் விலை மட்டும் குறைந்ததற்கு விளக்கம் கிடையாது.

தகுதியைப் பற்றிச் சொன்னால், குறைவதற்குப் பதில் ஏறித்தான் இருக்கிறது. 2012 முதல் ஆசிரியர் தகுதித் தேர்வு வந்தது. அந்த ஆண்டு ஜூலையில் நடந்த முதல் டெட் தேர்வில் லட்சக்கணக்கானோர் எழுதியதில் தேறியவர்கள் 2,448 பேர். அந்தச் சல்லடையில் தேறி இடைநிலை ஆசிரியராக வந்தவரும் 5,200-லேயே தொடங்கினார்.

அடுத்தது பணம். 20,000 பேர், பின்னால் சேர்ந்தவர்களின் இழப்பு குறைவு என்பதால் சராசரியாக ஆளுக்கு மாதம் 18,000 என்று உயர்த்தியே கணக்குப் போட்டாலும் ஆண்டுக்கு 430 கோடி ரூபாய் அளவில் வருகிறது. மாநிலத்தின் ஆண்டுச் சம்பளச் செலவு 80,000 கோடியைத் தாண்டியது. ஒரு சதவீதத்தைக்கூட இது தொடவில்லை. இந்த அளவைக் காட்டி முடியாது என்பது சரியில்லை.

ஆனால் நிதித்துறை வெளியே சொல்வதைவிட உள்ளே அஞ்சுவது வேறு: இவர்களுக்குக் கொடுத்தால் மற்றவர்கள் வருவார்கள். இந்த அச்சத்துக்கு அடிப்படை இருக்கிறது, அதை ஆசிரியர் இயக்கங்கள் ஒளிவுமறைவில்லாமல் ஒப்புக்கொள்ள வேண்டும். பட்டதாரி ஆசிரியரின் பழைய அடிப்படை 5,500; பெருக்கினால் 10,230. புதிதாக வந்தவருக்கு 9,300. இழப்பு 930 ரூபாய். முதுநிலை ஆசிரியரின் 6,500 பெருக்கலில் 12,090 ஆகிறது. புதியவருக்கு அதே 9,300. இழப்பு 2,790. தொகையில் இது இடைநிலை ஆசிரியரின் இழப்புக்கு மிக அருகில் நிற்கிறது. மொத்தச் சம்பளத்தில் எவ்வளவு பங்கு என்று பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். தர ஊதியத்தோடு சேர்த்துப் பட்டதாரி ஆசிரியர் இழந்தது 6 சதவீதம், முதுநிலை ஆசிரியர் 16 சதவீதம் சொச்சம், இடைநிலை ஆசிரியர் 28 சதவீதம். மூன்றும் ஒரே தவறிலிருந்து வந்தவை. அளவில் அடி பெரிது விழுந்தது இருப்பதிலேயே குறைந்த சம்பளக்காரருக்கு. முதலில் அவருக்குத் தீர்ப்பதற்கு இதுவே காரணம். மற்றவர்களின் கோரிக்கை வரிசையில் நிற்கிறது என்பதற்காக முதலில் நிற்பவரைத் திருப்பி அனுப்புவது நியாயமாகாது.

போராடுகிறவர்களிடமும் ஒரு கருத்து வேறுபாடு எனக்கு உண்டு. 'சம வேலைக்குச் சம ஊதியம்' என்ற முழக்கத்துக்கு அரசியல் சாசனத்தின் 39(டி) பிரிவும், 1982-ல் டெல்லி காவல்துறை ஓட்டுநர் ரண்தீர் சிங் பெற்ற தீர்ப்பும் துணை நிற்கின்றன. மேடைக்கு அது நல்ல முழக்கம். பேச்சுவார்த்தை மேசையில் அது அரசுக்குத் தப்பிக்க ஒரு வழியைத் திறந்து விடுகிறது. சமம் என்றால் யாரோடு சமம், முப்பது ஆண்டுக்காரரோடா என்று கேட்க வைக்கிறது. சில சங்கங்கள் இதோடு மத்திய அரசின் 9,300 கட்டையும் 4,200 தர ஊதியத்தையும் சேர்த்துக் கேட்கின்றன. 4,500 விகிதத்தில் இருந்த மத்திய அரசுத் தொடக்கப்பள்ளி ஆசிரியர் அந்தக் கட்டுக்கு ஏற்றப்பட்டார் என்பதால் அந்தக் கேள்வியும் பொருளற்றது இல்லை. ஆனால் அது 2009-க்கு முன் சேர்ந்தவருக்கும் உரிய தனிக் கேள்வி. இரண்டையும் ஒரே மனுவில் கட்டினால் எளிதில் தீரக்கூடியது கடினமானதோடு சேர்ந்து கிடப்பில் போகும். வலுவான வாதம் இன்னும் எளிமையானது: இந்தப் பதவிக்கு நீங்களே வைத்த தொடக்க விலை 11,170, அதில் தொடங்குங்கள்.

குழுக்கள் போதுமான அளவு வந்துவிட்டன. 2018 உண்ணாவிரதத்தின்போது ஊதிய முரண்பாடுகளை ஆராய்ந்துகொண்டிருந்த சித்திக் ஒருநபர் குழுவைக் காட்டினார்கள்; அதன் அறிக்கை 2019 ஜனவரியில் அரசிடம் போனது. 2021 தேர்தலில் தி.மு.க. வாக்குறுதி எண் 311 ஆக இதை அச்சிட்டது. ஆட்சிக்கு வந்தபின், 2022 டிசம்பரில் ஆசிரியர்கள் மயங்கி விழுந்துகொண்டிருந்த நாட்களுக்குப் பிறகு, 2023 ஜனவரி 1-ல் மூவர் குழு அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டு அக்டோபரில் அதே வளாகத்திலிருந்து அவர்களைக் காவல்துறை அப்புறப்படுத்தியது. கண்டுபிடிக்க வேண்டிய உண்மை எதுவும் இந்தக் குழுக்களுக்கு மிச்சமில்லை. ஒரு பெருக்கலும் ஒரு கழித்தலும் போட்டால் வந்துவிடும் விடை இது. இரண்டு கட்சிகளின் ஆட்சியும் இந்தக் கணக்கைத் தெரிந்தே தள்ளிப்போட்டன என்பது என் முடிவு.

ஆகவே என் தீர்ப்பு ஆசிரியர்கள் பக்கம். 2009 ஜூன் 1-க்குப் பின் சேர்ந்த ஒவ்வொரு இடைநிலை ஆசிரியரின் பணிப்பதிவேட்டிலும், அவர் பணியேற்ற நாளில் 8,370-உடன் 2,800 தர ஊதியம் என்று எழுத வேண்டும். அங்கிருந்து இன்கிரிமென்ட்களைக் கருத்தியலாகக் கணக்கிட்டு, 2016 ஜனவரியில் 2.57-ஆல் பெருக்கி இன்றைய அடிப்படைக்கு வர வேண்டும். நிலை 10-ன் தொடக்கத்தையும் இனி வருகிறவர்களுக்காக 28,700-க்கு உயர்த்த வேண்டும். அதைச் செய்யாவிட்டால் அடுத்த நியமனத்தில் இன்னொரு தேதிக் கோடு உருவாகும். பணப்பயனை ஆணை வரும் நாளிலிருந்து கொடுத்தால் போதும். கடந்த ஆண்டுகளின் நிலுவை முழுவதையும் கேட்பது நியாயமே என்றாலும் அதை வற்புறுத்துவது தீர்வைத் தள்ளிப்போடும் என்பதால் அந்தப் பகுதியில் ஆசிரியர்கள் விட்டுக்கொடுக்கலாம். இந்த முறை நிதித்துறைக்குப் புதிதும் இல்லை. ஆறாவது குழுச் சம்பளத்தை 2006 ஜனவரி முதல் கருத்தியலாகக் கணக்கிட்டு 2007 ஜனவரி முதல் பணமாகக் கொடுத்தார்கள். ஏழாவது குழுவுக்கு 2016 ஜனவரி முதல் கணக்கு, 2017 அக்டோபர் முதல் பணம். முதுநிலை ஆசிரியர்களின் 2,790 அதற்கு அடுத்த கோப்பு. அதையும் இதே அளவுகோலால் தீர்க்கலாம்.